மேல்தளத்தை வெட்டினேன்

நவம்பர் 9, ஞாயிறு

போர்க்காலத்தில் கடலில் விழுந்த விமானிகளைத் தூக்கிவந்த மீட்புப் படகு ஒன்றை, ரிமோட்டில் ஓடும் சின்ன மாதிரியாகச் செய்ய எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. இன்று மாலை தண்ணீர்த் தொட்டியில் விட்டேன். பின்பக்கம் இரண்டு விரல் தாழ்ந்து நின்றது. பேட்டரியை முன்னால் நகர்த்த வேண்டும். அதற்கு, ஒட்டி பெயின்ட் அடித்த மேல்தளத்தை வெட்டியாக வேண்டும்.

"மெதக்குதுல்ல? வுட்டுடு. அத்த யாரு பாக்கப் போறாங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கோமுகி அணையில காத்து அடிச்சா பின்னால தண்ணி ஏறிக்கும்ங்க. ஆளத் தூக்கப் போற படகே முழுகலாமா?" என்றேன்.

பிளேடை வைத்து மேல்தளத்தை வெட்டி எடுத்தேன். பேட்டரியை நகர்த்தி மறுபடி விட்டேன்.

"அட, இப்ப சமமா நிக்குதே!" என்று அவரே டார்ச் அடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

எத்தனை பூச்சு பூசினாலும் வெட்டின கோடு தெரியும் போலிருக்கிறது. தெரியட்டும். இனி அணையில் எந்தக் காற்றிலும் இதைத் துணிந்து விடுவேன்.