பிரபு சாரின் முழங்கால்

வெள்ளிக்கிழமை இரவு, துடியலூர்.

படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. ஜிம்மில் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளுக்கு வகுப்பு எடுக்கப் பழகுகிறேன். பழக்குபவர் பிரபு சார். சேர்ந்த அன்றே எல்லார் முன்னாலும் என் உடம்பைப் பார்த்து, "ஏனுங்க அம்மணி, சீட்டு தாங்குமுங்களா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

இன்று எனக்குத் தேர்வு. நான் வகுப்பு நடத்த, சார் முன்வரிசையில் மாணவராக உட்கார்ந்து மிதித்தார். மருதமலை ஏறுவதாக நினைத்துக்கொண்டு, பெடலைக் கனமாக்கும் குமிழைத் திருகச் சொன்னேன். எல்லார் காலும் மெதுவானது. சார் கால் மட்டும் பறந்தது. குமிழைத் தொட்டாரே தவிர, திருகவில்லை. ஏமாற்றுக்காரர்.

இறங்கிப் போய் அவர் குமிழை நானே நன்றாக இறுக்கினேன். மைக்கிலேயே கேட்டேன்: "ஏனுங்க சார், கால் தாங்குமுங்களா?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. அவரும் சேர்ந்து சிரித்தார். அன்று நான் சிரித்த அதே சிரிப்பு.

முடிந்ததும், "பாஸ் பண்ணீட்டீங்க அம்மணி, நல்லா நடத்துனீங்க" என்றார். நிஜமாகத்தான் சொன்னார். அதுதான் உறுத்துகிறது.

கிளம்பும்போது லிஃப்ட்டுக்குள் நான் நின்றிருந்தேன். முழங்காலைப் பிடித்தபடி நொண்டி நொண்டி வந்தவர், "இருங்க அம்மணி, நானும் வாரேன்" என்றார். என்னவோ பாவம் என்றுதான் தோன்றியது.

கதவை மூடும் பொத்தானை அழுத்தினேன்.