ரத்தம் கொடுக்க நாற்பத்தைந்து கிலோ

இன்று மதியம் தாதிமைக் கல்லூரியில் நர்சுக்குப் படிக்கும் பிள்ளைகள் மூவர் கடைக்கு வந்தார்கள். முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்திரியும். சுங்கை பெசார் ஊர் மண்டபத்தில் ரத்த தானமாம். காய்ந்த மிளகாய் நெடியையும் மீறி அந்த ஸ்பிரிட் வாசனை வந்தது. நிறுத்துக்கொண்டிருந்த பருப்பை அப்படியே விட்டுவிட்டேன், தங்கச்சி.

"எதுக்கும்மா குடுத்தீங்க?"

"குடிக்க மைலோ, பிஸ்கட் தர்றாங்க, அரை நாள் கிளாஸ் இல்ல, அங்கிள்," என்றாள் ஒருத்தி.

"பொய் அங்கிள். போன வாரம் வார்டுல ஒரு அம்மாவுக்கு ரத்தம் ஏத்துறதப் பாத்து அழுதவளே இவதான்," என்றாள் இன்னொருத்தி.

சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். நான் மறுபடி தராசுப் பக்கம் திரும்பினேன்.

நீ அந்தக் கல்லூரியில் படித்தபோது, சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதும் பையைப் போட்டுவிட்டு வெங்காய மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நிற்பாய். நாற்பத்து மூன்றரை. ரத்தம் கொடுக்க நாற்பத்தைந்து வேண்டும். நோயாளிக்கு முதல் ஊசி போடுவதற்குள் நீ கொடுத்தாக வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

"சும்மா குடுக்குறதுக்கு எதுக்கு இந்தப் பாடு?" என்றேன். விலையில்லாத சரக்கு எனக்குப் புரிந்ததில்லை.

"நோயாளிகிட்ட வலிக்காதுன்னு சொல்லணும்ணே. அந்தப் பெரிய ஊசிய நான் குத்திக்காம சொன்னா பொய்லா."

"அப்ப பாக்கெட்ல ரெண்டு எடைக்கல்லப் போட்டுக்க. எவனுக்குத் தெரியும்?"

"ஊருக்கெல்லாம் சரியா நிறுத்துப் போடுற மனுசன் பேசுற பேச்சா இது?"

அதிலிருந்து வாராவாரம் முட்டையும் பேரீச்சம்பழமும் கட்டிக் கொடுத்தேன். ஏழாவது சனிக்கிழமை முள் நாற்பத்தைந்தைத் தாண்டியது. அடுத்த வாரம் வந்து கையைக் காட்டினாய்.

"வலிக்குதுண்ணே. நல்லாவே வலிக்குது. இனிமே யாருகிட்டயும் வலிக்காதுன்னு சொல்ல மாட்டேன்."

சொல்லவும் இல்லை. "கொஞ்சம் வலிக்கும், என் கையப் புடிச்சுக்குங்க" என்றுதான் வேலை பார்த்த அத்தனை வருஷமும் சொன்னாயாம். உன் சாவுக்கு வந்த பழைய நோயாளிகள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

போன வருஷம் நீயே வார்டில் படுத்திருந்தாய். இனி மருந்து கேட்காது என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். திரும்பி வந்ததும் கேட்டாய்.

"டாக்டர் என்னண்ணே சொன்னாரு?"

"ஒன்னும் இல்ல. அடுத்த வாரம் வீட்டுக்குப் போயிரலாம்."

என் முகத்தையே பார்த்தாய். பிறகு கேட்டாய், "கடைய யாரு பாக்குறா?"

"பூட்டிட்டு வந்தேன்."

தீபாவளிக்குக்கூட அரை நாள் திறந்து வைத்தவன் நான். நான் சொன்னது பொய் என்று தெரிய உனக்கு அது போதும். கண்ணை மூடிக்கொண்டாய். டாக்டர் சொன்னதைப் பற்றிப் பிறகு கேட்கவில்லை.

அதற்குப் பின் பதினோரு நாள் இருந்தாய். உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பேசியதெல்லாம் கஞ்சியில் உப்பு சரியா, மழை பெய்கிறதா என்றுதான். ஆறுதல் சொன்னதாக நினைத்து, பயத்தைச் சொல்லி அழக்கூட உனக்கு ஆளில்லாமல் செய்துவிட்டேன். இன்றும் நான் சுமப்பது அந்தப் பதினோரு நாளைத்தான். பக்கத்து நாற்காலியிலேயே நான் இருந்தும், நீ தனியாகத்தான் போனாய்.