ஒன்பதாவது நாவல்

தை 22, வியாழன்

எனக்குப் பிடித்த அமெரிக்க எழுத்தாளர் பெண் என்பதால், அவருடைய ஒன்பது நாவல்களையும் விமர்சகர்கள் 'சமையலறைக் கதைகள்' என்று ஒதுக்கினார்கள். பள்ளிக்கூடம் அதிகம் காணாத நான் ஆங்கிலம் கற்றது அவற்றை வாசித்துத்தான். நூலகம் அவற்றில் எட்டை அலமாரித் தட்டிலிருந்து கழித்துவிட்டபோது, கோபத்தில் என் நூலக அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். யாரும் எடுக்காததால் ஒன்பதாவதும் போகப்போகிறது என்றார்கள். இன்று பஸ் பிடித்துச் சண்டைக்குப் போனேன். புத்தகம் தட்டில் இல்லை.

"ஒரு அன்ரி புதுசாக் காட் எடுத்துக் கொண்டுபோயிட்டா, அங்கிள்," என்றாள் அங்கு வேலை செய்யும் பெண்.

வீட்டில், மனைவியின் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

"இனி ஒருத்தரும் எடுக்கேல்லை எண்டு சொல்லேலாதெல்லோ. வாசிச்சுச் சொல்லுங்கோ, என்னத்தைச் சமைச்சவ எண்டு பாப்பம்."

நான்கு பக்கம் வாசித்துத் தமிழில் சொன்னேன். மூன்றாம் பக்கத்தில் சிரித்தாள். விமர்சகர்கள் எவரும் சிரிக்காத இடம் அது.