இரண்டு பேர் என்று எழுது

லங்க்வாத்ன் குடில்,
ஆகஸ்ட் 11

அன்பு மகள் எல்திரிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். மழையும் மிக நலம், பத்து நாளாக ஓய்வே எடுக்கவில்லை. உன் நலத்தை நீதான் எழுத வேண்டும், முக்கியமாக உன் பாதங்களின் நலத்தை. புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு நெடும்பயணம் கிளம்பாதே என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். கேட்டாயா?

வழக்கம்போல இந்த வருடமும் எனக்கு மூன்று வாரம் இந்த மலைக் குடிலில் காவல். விறகு பிளக்கிறேன், சாம்பல் அள்ளுகிறேன், நடந்து வருகிறவர்களின் ஈரக் காலுறை நாற்றத்தில் காபி போடுகிறேன். இங்கே சிக்னல் கிடையாது என்பது உனக்குத் தெரியும். சனிக்கிழமை அப்பா வரும்போது இந்தக் கடிதத்தை எடுத்துப்போய், நீ சொன்ன ஸ்காட்லாந்துக் கிராமத்துத் தபால் நிலையத்துக்குப் பொட்டலத்தோடு சேர்த்து அனுப்புவார். நீ கேட்ட பழுப்புப் பாலாடைக்கட்டி, உப்புக்கறி, கம்பளிக் காலுறை எல்லாம் அதில் இருக்கும். அப்பா ஒரு விசிலும் வைக்கப் போகிறார். சிரிக்காதே. கழுத்தில் மாட்டிக்கொள், பைக்கு அடியில் கிடக்கிற விசில் எதற்கும் உதவாது.

முப்பத்திரண்டு வயதுப் பெண் தன்னந்தனியாக இன்னொரு நாட்டைக் குறுக்கே நடந்து கடக்கப் போகிறாள், பெற்றவர் கொஞ்சமாவது கவலைப்பட வேண்டாமா என்று அப்பாவைக் கேட்டேன். "விடு போர்கில், நீ மட்டும் அந்த வயசுல யார் சொல்லி கேட்ட?" என்றார். மீன் வலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கவலைப்படும் வேலையை இந்த வீட்டில் ஒரே ஆள்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். அங்கேயும் குடிலுக்குக் குடில் புத்தகம் இருக்கும் என்றாயே, ஒன்றிலும் விடாமல் எழுது. பெயர், எத்தனை பேர், எங்கிருந்து வந்தாய், அடுத்து எங்கே போகிறாய். மூடுபனியில் நீ வழி தவறினால் தேடி வருகிறவர்கள் முதலில் திறப்பது அந்தப் புத்தகத்தைத்தான். நீ ஆறு வயதில் எழுத்துக்கூட்டி எழுதிய முதல் வரியே குடில் புத்தகத்தில்தான், ஞாபகம் இருக்கிறதா? 'எல்திரி, அம்மா, அப்பா, ஒரு நாய்.'

நேற்று ஒரு பெல்ஜியப் பெண் வந்தாள். லீவே என்று பெயர், உன்னைவிடச் சின்னவள், சிவப்பு மழைச்சட்டை. தனியாகத்தான் நடக்கிறாள். அடுப்படியில் உட்கார்ந்து என் கஞ்சியை இரண்டு கிண்ணம் வழித்துச் சாப்பிட்டாள். இன்று காலை புத்தகத்தைப் பார்த்தால் 'லீவே, ரோசா, இரண்டு பேர்' என்று எழுதியிருக்கிறாள். யாரம்மா இந்த ரோசா, மெத்தைக்கு அடியில் ஒளிந்திருக்கிறாளா என்றேன். "எங்கம்மாங்க. வீட்ல இருக்காங்க. சும்மா எழுதினேன்" என்று சிரித்தாள். எனக்கு வந்ததே கோபம்! "விளையாட்டா இது? நீ காணாமப் போனா ரெண்டு பேரைத் தேடுவாங்க. இல்லாத ஆளைத் தேடி, மீட்புக்குழுவுல இருக்கிற எங்க வீட்டுக்காரர் பள்ளத்துல இறங்கணுமா?" என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். முகம் சிவந்துபோய் அம்மா பெயரை அடித்துவிட்டு 'ஒருவர்' என்று எழுதினாள். ஸ்தெய்ன்பூ குடிலுக்குப் போகிறேன் என்றும் எழுதிவிட்டு, போகும்போது என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நல்ல பெண்.

அவள் போய் ஒரு மணி நேரம் இருக்கும், இப்போது இன்னொருவர் வந்திருக்கிறார். காபி குடித்துக்கொண்டே புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படிக்கிறார். வருகிறவர்கள் எல்லாரும் இப்படி அக்கறையாகப் படித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஏதோ கேட்கிறார், அப்புறம் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். விசிலை மாட்டு. புத்தகத்தில் எழுது.

அன்புடன்,
அம்மா


வீடு,
ஆகஸ்ட் 24

என் எல்திரிக்கு,

இந்தக் கடிதம் உனக்கு முன்னால், பொட்டலம் அனுப்பிய அந்த ஊர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். செப்டம்பர் நான்காம் தேதிதான் அங்கே இறங்குவாய் என்று அப்பா உன் வரைபடத்தைப் பார்த்துச் சொன்னார். அதற்குள் இன்னும் மூன்று குடில். மூன்றிலும் புத்தகம் இருக்கும்.

முந்தாநாள் நீ வழியில் ஒரு கடையிலிருந்து பேசினாய் அல்லவா, நான் வழக்கம்போல, புத்தகத்தில் எழுதினாயா என்று கேட்டுவிட்டேன். நாக்கு பழக்கத்தில் கேட்டுவிட்டது. "எல்லாத்துலயும் எழுதிட்டேன்மா. தனியாத்தான் வர்றேன்னு கொட்டை எழுத்துல எழுதிட்டேன். இப்ப நிம்மதியா?" என்றாய். "ஹலோ, ஹலோ" என்று இரண்டு தடவை கூப்பிட்டாய், இணைப்பு போய்விட்டது. சிக்னலால் போகவில்லை எல்திரி. நான்தான் வைத்தேன்.

அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் உன் போன் எட்டவில்லை. வழியில் நீ செய்தித்தாள் பார்த்திருக்க மாட்டாய். அந்தச் சிவப்புச் சட்டைப் பெண், லீவே, இறந்துவிட்டாள். கொன்றுவிட்டான். ஒருவர் காபி குடித்துக்கொண்டே புத்தகம் படிக்கிறார் என்று முன்னால் எழுதிய கடிதத்தில் எழுதினேனே, அவன்தான். அவன் பெயரை இந்தத் தாளில் எழுத மாட்டேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஊரெல்லாம் என்னை ஆறுதல்படுத்துகிறது, அதனால் யாரும் உனக்கு முழுதாகச் சொல்ல மாட்டார்கள்.

அன்றைக்கு அவன் ஏதோ கேட்கிறான் என்று பேனாவை வைத்தேன் அல்லவா, அவன் விரல் லீவேயின் வரியில் இருந்தது. "இந்தப் பொண்ணு தனியாவா போயிருக்கு?" என்றான். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "ஆமா, தனியாத்தான். தைரியமான பொண்ணு" என்றேன். இரண்டாவது கோப்பைக் காபியும் ஊற்றினேன். அவன் நன்றி சொல்லி, கோப்பையைத் தானே கழுவி வைத்து, புத்தகத்தில் தன் பெயரை எழுதி, தெற்கே பெரிய சாலைக்குப் போகிறேன் என்றும் எழுதினான்.

நான் விறகு பிளக்க வெளியே வந்தபோது அவன் வடக்கே போய்க்கொண்டிருந்தான். ஸ்தெய்ன்பூ பாதையில். பார்த்தேன் எல்திரி. இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அந்தப் பக்கத்து ஏரியில் தூண்டில் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புவான்போல என்று நினைத்துக்கொண்டு அடுத்த கட்டையை எடுத்து வைத்தேன். தெற்கே என்று புத்தகத்தில் எழுதியிருந்தானே! குடில் புத்தகத்தில் பொய் எழுதுகிற மனிதனை நாற்பது வருடத்தில் நான் பார்த்ததில்லை. அந்த ஒரு பெண்ணைத் தவிர. அவளையும் மிரட்டித் திருத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்தெய்ன்பூவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். சிவப்புச் சட்டைக்காரி கால் வலியில்லாமல் போய்ச் சேர்ந்தாளா என்று கேட்டேன். அப்படி யாரும் வரவில்லை, அங்கே புத்தகத்திலும் அந்தப் பெயர் இல்லை என்றார்கள். அவர்களையே கீழே ஓடச் சொன்னேன். அப்பாவும் மற்றவர்களும் கயிறு, நாய், எல்லாவற்றோடும் ஏறி வந்தார்கள். அவளுக்குப் பின்னால் யாராவது அந்தப் பாதையில் போனார்களா என்று காவல் அதிகாரி கேட்டார். புத்தகத்தைத் திறந்து காட்டி, "யாரும் போகல. இவர் தெற்க போனவர்" என்று நானே சொன்னேன். சொல்லும்போது எனக்குச் சந்தேகமே வரவில்லை. மறுநாள் காலை விறகுக் கட்டையைப் பார்த்ததும்தான் வடக்கே போன அந்த முதுகு ஞாபகத்துக்கு வந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். அதற்குள் அவனுக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்துவிட்டது. படகுத்துறையில் பிடித்தார்கள்.

மூன்றாம் நாள் அப்பாதான் அவளைக் கண்டுபிடித்தார். பாதைக்குக் கீழே, ஓடைக்குப் பக்கத்தில். குடிலிலிருந்து கிளம்பிய அன்றே உயிர் போய்விட்டது என்கிறார்கள், அதனால் நான் ஒரு நாள் தாமதித்ததில் அவளுக்கு எந்த வித்தியாசமும் இல்லையாம். இதையும் ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். அப்பா மூன்று குளிர்காலத்துக்குக் காணும் அளவுக்கு விறகு பிளந்து அடுக்கிவிட்டார். தேடுகிறவர்கள் எந்த வரியைப் படித்துவிட்டு அவளைத் தேடிப் போனார்களோ, அதே வரியைத்தான் அவனும் படித்துவிட்டுப் போனான்.

நேற்று அவளுடைய அம்மா வந்திருந்தாள். ரோசா. என்னைவிட ஒல்லியானவள். காவல் நிலையத்தில் புத்தகத்தைக் காட்டியிருக்கிறார்கள், அங்கிருந்து நேராக இங்கே வந்தாள். மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். பாதி ஆங்கிலம், பாதி கைஜாடையில்தான் பேசினோம். "ரெண்டு பேர்னு எழுதறேன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தா. எந்த நாட்டுக்குப் போனாலும் என் பேரைச் சேத்துத்தான் எழுதுவா. பதினோரு நாடு. இங்க மட்டும் ஏன் அடிச்சிருக்கா?" என்றாள்.

நான்தான் அடிக்க வைத்தேன் என்று சொன்னேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால், ஒரு அறை அறைந்திருந்தால், வாங்கிக்கொண்டிருப்பேன். அவள், எனக்குப் பெண் இருக்கிறாளா என்று கேட்டாள். இருக்கிறாள், ஸ்காட்லாந்தில் நடந்துகொண்டிருக்கிறாள் என்றேன். "தனியாவா?" என்றாள். அவன் கேட்ட அதே கேள்வி. அவள் எழுந்து வந்து என் தோளில் கையை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை எல்திரி.

இனி உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். திரும்பி வா என்று மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்துவிட்டேன், மேலே ஓரத்தில் பார்த்தால் தெரியும். வா என்றால் நீ வர மாட்டாய். வரவும் கூடாது. அந்தப் பெண் பதினோரு நாட்டை எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படித்தான் பார்த்தாள், அவளிடம் தப்பு இல்லை. தப்பு, எழுதியதை அடிக்க வைத்தவளுடையது, அடித்ததைப் படித்தவனுடையது.

உண்மையை என்னிடம் சொல். எங்கே தங்குகிறாய், அடுத்து எங்கே போகிறாய், எந்த நாளுக்குள் பேசாவிட்டால் ஆள் அனுப்ப வேண்டும், எல்லாம் கடை இருக்கிற இடத்திலெல்லாம் நின்று எனக்குச் சொல்லிவிட்டுப் போ. அங்குள்ள மீட்புக்குழுவின் எண்ணை அப்பா வாங்கி அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கிறார். இனி உன் புத்தகம் நான். இதை இன்னொருவர் எடுத்துப் படிக்க முடியாது.

குடிலில் இருக்கிற புத்தகத்தில் பொய் எழுது. நான் சொல்கிறேன், கூசாமல் எழுது. எழுத்துக்கூட்டி எழுதும்போதே உண்மையைத்தான் எழுத வேண்டும் என்று உன் விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவள் நான், நானே சொல்கிறேன். இரண்டு பேர் என்று எழுது. உன் பெயருக்குக் கீழே என் பெயரை எழுது. யாராவது குறுக்கே வந்து இது என்ன விளையாட்டு என்று கேட்டால், என்னை மாதிரி ஒரு கிழவி கண்ணை உருட்டினாலும் சரி, அடிக்காதே.

எங்கே உன் அம்மா என்று யார் கேட்டாலும், பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறாள், முட்டிவலிக்காரி, மெதுவாகத்தான் வருவாள், ஆனால் வந்துவிடுவாள் என்று சொல். உரக்கச் சொல்லம்மா.

உன் பின்னாலேயே வருகிற,
அம்மா போர்கில்