என் வீட்டில் ஐந்து கட்டையில் பாடியவள்

என் கண்ணே, என் அடங்காப்பிடாரி ஸ்டெல்லா,

நீ கண்மூடிய செய்தி கல்கத்தாவிலிருந்து தந்தியில் வந்தது. அதற்கு முன்பே நீ அனுப்பியிருந்த பார்சல் அதற்குப் பிறகுதான் வந்தது. யுத்த காலம், எது முந்தும், எது பிந்தும் என்று யார் கண்டது? பிரித்தால், போட்டோ ஆல்பம் போல ஒரு தடித்த அட்டைப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் உறை, உறைக்குள் கிராமபோன் பிளேட்டு. ஒரு புறம் ஜாஸ் பாடுகிறவர்கள் எல்லோரும் பாடிப் பழகிய பழைய பாட்டு, மறுபுறம் அப்போது புதிதாக வந்த பாட்டு. எல்லாவற்றிலும் உன் பெயர்.

கான்வென்ட் விட்டதும் நீ நேரே மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, என் பாட்டு வாத்தியார் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாய், நினைவிருக்கிறதா? உன் சுருதி ஐந்து கட்டை, எங்கள் எல்லோரையும்விட மேலே. கல்யாணமாகி நீ கல்கத்தா போன பிறகு நாம் பார்த்துக்கொள்ளவேயில்லை. பேண்டு ஒன்றோடு ஜாஸ் பாடுகிறாய் என்று கடிதங்கள் வந்தன. கடிதத்துக்குக் குரல் ஏது?

அதனால்தான் முதல் பிளேட்டை வைத்ததும் திடுக்கிட்டேன். கனத்து இறங்கிய குரலில் யாரோ பாடினாள். கிராமபோன் பெட்டி மெதுவாகச் சுற்றுகிறது என்று நினைத்துச் சுருதிப் பெட்டியை எடுத்துவந்தேன். அதைப் போட்டுக்கொண்டு, கிராமபோனின் வேகத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். ஐந்து கட்டைக்கு வந்ததும் நீ வந்துவிட்டாய். பதினாறு வயது ஸ்டெல்லா! பாட்டின் நடுவே ஒரு சின்னச் சிரிப்புகூடக் கேட்டது.

அன்றிலிருந்து இரண்டு வருடம் நீ இந்த வீட்டில் இருந்தாய். பிளேட்டு நின்ற பிறகும் கூடத்தில் நீ இருப்பாய். உனக்குப் பதில் சொல்வேன். சில நாள் உன்னைத் திட்டுவேன்.

"இன்னாம்மா, யார்கிட்ட பேசிக்கினு கீறே?" என்பாள் வேலைக்காரி குப்பம்மா. "பொட்டிக்குள்ள கீற அம்மாவுக்கும் சேத்து காபி போடவா?"

"போடு. சர்க்கரை ரேஷன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடு."

போன மாதம் உன் மகள் லில்லி வந்தாள். அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்திருக்கிறாள். உன் நெற்றி, உன் பிடிவாதம். கல்கத்தா வீட்டைக் காலி செய்தபோது உன் பிளேட்டுகள் எல்லாம் உடைந்துபோயினவாம்.

"அம்மா குரலை ஒரு தடவை கேக்கணும் பெரியம்மா. அதுக்குத்தான் வந்தேன்" என்றாள். என்னைப் பெரியம்மா என்று கூப்பிடச் சொன்னது நீதானாமே?

பிளேட்டை வைத்தேன். முதல் அடி முடிவதற்குள் தலையை ஆட்டினாள்.

"இது அம்மா இல்லை."

"பேர் போட்டிருக்கு, பார்."

"பேர் அவங்களோடதுதான். பாடறது யாரோ சின்னப் பொண்ணு."

"உங்கம்மா சுருதி அஞ்சு கட்டை. எனக்குச் சொல்லித் தர வேண்டாம். நீ பொறக்கறதுக்கு முந்தியே எனக்குத் தெரியும்."

"அதேதான் பெரியம்மா. நான் பொறக்கறதுக்கு முந்தி."

வேகத்தைக் குறைக்கும்படி கேட்டாள். என் கை எழவில்லை. குறைத்தால் யார் போய்விடுவாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் தாயின் குரலைத் தேடி வந்த பெண்ணை வெறுங்காதோடு எப்படி அனுப்புவேன்?

திருகைத் திருப்பினேன். "இன்னும்," என்றாள். "இன்னும் கொஞ்சம்." பிறகு, "அம்மா." பெட்டியின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

நான் துள்ளலாகக் கேட்டுவந்த பாட்டு, ஆள் வராத வீட்டில் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு போவது போலப் போயிற்று. அந்தச் சிரிப்பு வரும் இடமும் வந்தது. அது சிரிப்பே இல்லை, ஸ்டெல்லா. மூச்சு.

"கடைசியில அம்மாவுக்கு மூச்சு ரொம்ப இழுத்துது பெரியம்மா. பேண்டுக்காரங்க அவங்களுக்காக மெதுவா வாசிச்சாங்க."

அவள் போன பிறகு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், திருகை மறுபடி ஏற்றிப் பார்த்தேன். பதினாறு வயதுப் பெண் வரவில்லை. ஏதோ பொம்மை கீச்சிட்டது. அவள் எங்கே போனாள்? இரண்டு வருடம் நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன்? அந்த இரண்டு வருடமும் நீ எங்கே இருந்தாய்? கதவுக்கு வெளியே நின்று, உள்ளே நான் யாருக்கோ பதில் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாயா? இப்போது கூடம் காலியாக இருக்கிறது. சாயங்காலம் விளக்குப் போட்டதும் என்னையறியாமல் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன்.

ஆல்பத்தை லில்லியிடமே கொடுத்துவிட்டேன். சனிக்கிழமைகளில் ரிக்‌ஷா வைத்துக்கொண்டு அடையாறு போகிறேன். யார் வீட்டுப் படியும் ஏறாத நான் போவதைப் பார்த்து, "அதிசயமாக் கீதும்மா" என்கிறாள் குப்பம்மா. அங்கே பெட்டியைத் தொடுவது லில்லி மட்டும். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

புதுப் பாட்டுகளை இன்னும் உன் வேகத்தில் கேட்கவில்லை. அவற்றைப் பாடும் அந்தக் கனத்த குரல் அம்மாள் எனக்குப் பழக்கமில்லாதவள். அவளிடம் எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கிறது. ஆனாலும் போவேன். அவள் பாடுகிறபடியே கேட்பேன். பழகிக்கொள்கிறேன் ஸ்டெல்லா, இது சத்தியம்.

உன் லில்லிக்குப் பெரியம்மா,
பார்வதி
மயிலாப்பூர்