நங்கூரச் சங்கிலியின் மறுமுனை

குட்டிம்மா,

ஏழாவது தீவில் இருக்கிறோம். அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார், வெயிலில் கறுத்துப்போயிருக்கிறார். ஒன்பது நாளாக ஏன் இங்கேயே இருக்கிறீர்கள் என்று கேட்பாய். நங்கூரம் இல்லை, அதுதான். பாய்மரப் பாயைச் சுருட்டிவிட்டு, படகைத் துறையில் கட்டிப்போட்டிருக்கிறோம்.

வந்த அன்று அப்பாதான் நங்கூரத்தை இறக்கினார். சங்கிலி கடகடவென்று ஓடி, கடைசி வளையமும் கடலுக்குள் போய்விட்டது. மறுமுனையை அவர் படகோடு பிணைக்கவே இல்லை. எனக்குப் படகோட்டச் சொல்லிக்கொடுத்தபோது அவர் நடத்திய முதல் பாடமே அதைப் பிணைப்பதுதான்.

தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"நான்தாங்க கட்ட மறந்துட்டேன்" என்றேன்.

"எத்தனை தடவைடி சொல்றது உனக்கு?" என்று பிடித்துக்கொண்டார். திட்டு வாங்கியதில் எனக்கு இவ்வளவு நிம்மதி என்றுமே வந்ததில்லை.

மறுநாள் காலையில், "நங்கூரம் எங்க?" என்றார். மறுபடி சொன்னேன், மறுபடி திட்டினார். தினமும் காபியோடு இதுவும் நடந்தது.

இந்தப் பயணமே வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டாய். வந்து எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லிக்காட்டு. ஆனால் சீக்கிரம் வா. பாயை நான் பார்த்துக்கொள்வேன். அப்பா பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும்.

இன்று காலை அவர் திட்டவில்லை. நான் மறந்துவிட்டதாகச் சொன்னதும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பரவாயில்லம்மா, விடுங்க. உங்க வீட்டுக்காரர் திட்டுவாரோ?"

"இப்பல்லாம் திட்டுறதில்லைங்க" என்றேன்.

அம்மா