மசேனோ ஏற்றத்தில் நின்ற வண்டி

அன்பு மகன் ஒகேயோவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் பசுவும் கோழிகளும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம், முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்னால் எனக்குச் சேதி சொல்லிவிடுகிறது. அங்கே கனடாவில் நீயும் மருமகளும் குழந்தையும் அந்தக் குளிரில் தும்மல்கூட இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் மண்டியிட்டுக் கேட்கிறேன். இந்த வீட்டில் சுகமில்லாத ஆள் ஒன்றே ஒன்றுதான், அது நீ வாங்கித் தந்த கார். ஃபோனில் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன். நீ ஆசை ஆசையாக, வண்டி எப்படி ஓடுதும்மா என்று கேட்பாய், நானும் ஏரியில் போகிற படகு மாதிரி ஓடுது மகனே என்று சொல்லிவிடுவேன். பிள்ளை ராத்திரி வேலை பார்த்து வாங்கித் தந்ததை எந்தத் தாய் குறை சொல்லுவாள், உன்னிடம் மட்டுமா, ஊர் முழுக்க அப்படித்தான் சொல்லி வைத்தேன். இப்போது அந்தப் பெருமையே உன் அண்ணி ரிஸ்பாவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஃபோன் பாதியில் அறுந்துபோகும், இது முழுதாகச் சொல்லவேண்டிய விஷயம், அதனால்தான் விமானம் ஏறுகிற ஒப்பியோ மகளிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன்.

முதலில் வண்டியின் லட்சணத்தைக் கேள். சிக்னலில் நின்றால் மலேரியா கண்டவன் மாதிரி உடம்பெல்லாம் உதறும். பின் கதவுக்குள் ஏதோ ஒன்று கடகடவென்று உருளும், மெக்கானிக் சில்வானோ கதவைக் கழற்றிப் பார்த்தும் கிடைக்கவில்லை. கண்ணாடி ஏற்றியிருந்தாலும் காற்று விசில் அடிக்கும், சக்கரச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேசவேண்டும், ஒருநாள் பாதிரியாரை ஏற்றிக்கொண்டு வந்தேன், பாவம், இறங்கும்போது அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது, அந்த ஞாயிறு பிரசங்கம் சீக்கிரம் முடிந்தது. இதெல்லாம்கூடப் போகட்டும். கியர் பாக்ஸ்தான் கொடுமை. பாரத்தோடு ஏற்றம் ஏறிச் சூடாகிவிட்டால் எஞ்சின் மட்டும் அலறும், சக்கரம் நகராது. ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். அதுவும் ஒவ்வொரு தடவையும் இல்லை, அதற்கு மனசு வந்தால்தான். "மம்மா, இந்தப் பெட்டியை இங்க எவனும் பிரிக்கமாட்டான், பிரிச்சா திரும்பப் பூட்டமாட்டான்" என்று சில்வானோ கையை விரித்துவிட்டான்.

உன் பெரியம்மா டோரினாவுக்கு மட்டும் இந்த வண்டிமேல் உயிர். சாவி திருப்பினதும் வண்டிக்குள்ளிருந்து ஜப்பான் பாஷையில் ஒருத்தி ஏதோ சொல்லுவாளே, டோரினா அவளுக்கு "நல்லா இருக்கேன் மகளே, நீ சாப்பிட்டியா" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் உட்காருவாள். படுக்கையில் விழுந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, கிசுமு ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினால் என்னை ஒகேயோ வண்டியில்தான் வீட்டுக்குக் கொண்டுபோகணும் என்று சொன்னாள். ஓரகத்தி கேட்ட கடைசிச் சொல்லை நான் எப்படித் தட்டுவேன். பிணவறையிலிருந்து சவப்பெட்டியை மேலே கேரியரில் ஏற்றிக் கட்டினோம், பக்கத்தில் நம் குலத்துக்கு மூத்தவரான ஒபுரா பெரியவர், பின்னால் டோரினா மருமகள் ரிஸ்பா, அதற்குப் பின்னால் பஸ்ஸில் சொந்தபந்தமும் பாட்டுக்காரர்களும். கிசியான் தாண்டி மசேனோ ஏற்றத்தில் பாதி ஏறினதும் ஒரு யூக்கலிப்டஸ் மரத்தடியில் வண்டி அலறியது, நின்றது. பஸ்ஸும் நின்றது, பாட்டும் நின்றது.

பிணம் ஏற்றின வண்டி வழியில் நின்றால் நம் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று உனக்குச் சொல்லவேண்டுமா. ஒபுரா பெரியவர் இறங்கிப் பெட்டிமேல் கையை வைத்து, "டோரினா, நம்ம வீட்டுக்குத்தான் போறோம், யார்மேல கோவம், சொல்லு" என்று ஆரம்பித்துவிட்டார். நான் ஓடிப்போய், "பெரியவரே, கோவமும் இல்ல ஒண்ணும் இல்ல, கியர் பாக்ஸ் சூடாயிடுச்சு, கொஞ்சம் ஆறினா தானா போகும்" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏம்மா, போன வாரம் சர்ச் வாசல்ல நீதானே சொன்ன, என் பையன் வண்டி இன்னிக்கு வரைக்கும் ஒரு தடவை இருமினதில்லன்னு?" என்றார். பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் அதைக் கேட்டவர்கள்தான். அவளே ஆசைப்பட்டுக் கேட்ட வண்டியை அவளே நிறுத்துவாளா என்றும் கேட்டுப் பார்த்தேன். "ஆசைப்பட்ட வண்டியையே நிறுத்துறான்னா கோவம் எவ்வளவு பெருசுன்னு பாத்துக்க" என்றார்.

பிறகு ஒவ்வொருவராக வந்து பெட்டியிடம் பேசினார்கள். ஒருத்தன் அவளுடைய ஆட்டை விற்றுக் குடித்ததைச் சொன்னான், பாட்டுக்காரி ஒருத்தி புறம் பேசினதைச் சொல்லி மூக்கைச் சிந்தினாள். ஒவ்வொரு தடவையும் சாவியைத் திருப்பு என்றார்கள், திருப்பினேன், அலறியதே தவிர நகரவில்லை. கடைசியில் எல்லார் கண்ணும் ரிஸ்பாமேல் போய் நின்றது. டோரினாவுக்குப் பீயும் மூத்திரமும் அள்ளினவள் அவள் ஒருத்திதான், நான் நர்ஸாக வேலை பார்த்தவள், சொல்கிறேன், எங்கள் வார்டில்கூட அப்படிப் பார்க்கமாட்டார்கள், ஒரு படுக்கைப்புண் இல்லாமல் அனுப்பிவைத்தாள். அவள் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு, "அத்தை, ஒருநாள் விடியக்காலைல நீங்க படுக்கையை நனைச்சப்ப, செத்துத் தொலைஞ்சா என்னன்னு சொல்லிட்டேன், அசதில வந்துடுச்சு அத்தை" என்று அழுதாள். அதற்குள் இந்தப் பாழாய்ப்போன கியர் பாக்ஸ் ஆறிவிட்டது. சாவியைத் திருப்பினேன், ஜப்பான்காரி பேசினாள், வண்டி நகர்ந்தது. பெண்கள் போட்ட ஓலம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்றிலிருந்து ரிஸ்பா கொலைகாரி மாதிரி. அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு அவள் கிண்டின உகாலிக் களியை ஒருவரும் தொடவில்லை, பானையோடு நாய்க்குப் போனது. அவள் புருஷன், டோரினா பெற்ற உன் அண்ணன் நிக்கனோர், அடக்கம் முடிந்ததும் மொம்பாசாவுக்குப் போனவன் அவள் ஃபோனை எடுப்பதே இல்லை, அவளை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று பெரியவரிடம் சொல்லியிருக்கிறான். பிள்ளைகளை விட்டுவிட்டுத்தான் போகவேண்டுமாம். இப்போதைக்கு அவள் என் வீட்டில் படுத்துக்கொள்கிறாள், கூப்பிட்டால் திடுக்கிடுகிறாள், ஒமேனா மீன் குழம்பு வைத்தால் நாலு வாய்க்கு மேல் இறங்குவதில்லை.

நான் சும்மா இருக்கவில்லை மகனே. ஒபுரா பெரியவரைக் கெஞ்சிக் கூத்தாடி வண்டியில் உட்காரவைத்து, மேலே மக்காச்சோள மூட்டைகளைக் கட்டி, உச்சி வெயிலில் அதே ஏற்றத்துக்கு ஓட்டிப்போனேன். இத்தனை நாள் நிற்காதே நிற்காதே என்று வேண்டினவள் அன்றைக்கு நில்லு நில்லு என்று வேண்டிக்கொண்டு போனேன். நின்றதா? இரைச்சல்கூட இல்லாமல் ஒரே மூச்சில் உச்சிக்கு ஏறிவிட்டது. கதவுக்குள் உருளுகிற சனியன்கூட அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. பெரியவர் குறட்டை விட்டுத் தூங்கிப்போனார். எழுந்து, "ஒகேயோ அம்மா, இது வண்டியா மெத்தையா, மருமகளைக் காப்பாத்த நல்ல வண்டிமேல பழி போடாத" என்றார். மண்ணில் உட்கார்ந்து அழலாம் போல இருந்தது.

போன வெள்ளிக்கிழமை மருந்தும் வெங்காயமும் வாங்கக் கிசுமுவுக்குப் போனபோது ரிஸ்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன், வெளிக்காற்று பட்டால் நல்லது என்று. திரும்பி வரும்போது அதே ஏற்றம், அதே யூக்கலிப்டஸ் மரத்தடி, வண்டி அலறி நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்வேன், கைதட்டினேன். "பாத்தியா ரிஸ்பா, மேல பெட்டியும் இல்ல, பொணமும் இல்ல, உள்ள வெறும் வெங்காய மூட்டை, கியர் பாக்ஸ்னு நான் சொன்னேனா இல்லையா?" என்று திரும்பிப் பார்க்கிறேன், பின் கதவு திறந்து கிடக்கிறது. ரோட்டோரச் சரளைக்கல்லில் மண்டியிட்டு, அந்தக் காலிக் கேரியரைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் கோவமா அத்தை? வெந்நீர் ஆறிப்போச்சுன்னு தெரிஞ்சும் உங்களைக் குளிப்பாட்டினேனே, அதை அன்னிக்குச் சொல்லாம விட்டுட்டேன், அதுவா?" என்று கேட்கிறாள். தூக்கிப் பார்த்தேன், வரவில்லை. திட்டிப் பார்த்தேன். கடைசியில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நினைவுக்கு வந்த ஒவ்வொன்றையும் அவள் சொல்லி முடிக்கிற நேரத்தில் வண்டியும் ஆறியிருந்தது. சாவியைத் திருப்பினேன், கிளம்பிவிட்டது. அவள் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்து உட்கார்ந்து, "பாத்தீங்களா சின்னத்தை" என்றாள்.

ஊரை ஏமாற்றலாம், ஊரோடு சண்டையும் போடலாம், தன்மேல் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டவளை நான் என்ன செய்வேன். அதனால் கேட்கிறேன் மகனே, வெட்கப்படாதே. நீ வாங்கினவன், உன் வாயால் சொன்னால் நம்புவார்கள். பெரியவருக்கு ஃபோன் போட்டு, என் வண்டி மட்டம், வாங்கும்போதே கியர் பாக்ஸ் சரியில்லை, அம்மா என் மனசு நோகக்கூடாது என்று மறைத்தாள் என்று சொல். நிக்கனோரிடமும் சொல், தம்பி சொன்னால் கொஞ்சம் காது கொடுப்பான். ஊர் உன்னைப் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். ரிஸ்பாவிடம் மட்டும் உடனே பேசாதே, முதலில் என்னிடம் பேசு, அவளுக்கு என்ன சொல்வதென்று இரண்டு பேருமாக யோசிப்போம், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மருமகளுக்கும் பேரனுக்கும் என் முத்தம். பேரனுக்குக் காது மூடுகிற குல்லா போடு, இரவு வேலைக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே. உன் அப்பாவைக் காத்த ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் காப்பாராக, நீ தொட்டது துலங்கட்டும், இந்த வண்டியைத் தவிர. அடுத்த வாரம் ரிஸ்பாவை அழைத்துப்போக அவள் அண்ணன்கள் வருகிறார்களாம். அவர்கள் வருவதற்குள் ஃபோன் செய், மறந்துவிடாதே. அவளோ பையைக் கட்டி வைத்துவிட்டு, வண்டி வேண்டாம், நடந்தே போய்க்கொள்கிறேன், அத்தைக்குக் கோபம் வரும் என்கிறாள்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா,
ஃபெலிஸ்தா அடோயோ